வெல்டர் கார்டு யார் கையில்?

புதுச்சேரியின் கதிர்காமத்திலிருந்து வழுதாவூர் சாலையில் மேற்கே போனால் மேட்டுப்பாளையம் ஐ.டி.ஐ.யும் தொழிற்பேட்டையும் வரும். என் உழைப்பில் பாதி அந்தச் சாலையில் போயிற்று, மீதி சவூதியிலும் கத்தாரிலும். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு இரண்டு வெல்டிங் பூத் வைத்திருக்கிறேன். வெளிநாடு போகிற பையன்களுக்கு டிரேடு டெஸ்ட்டுக்கு முன்னால் கை பழக்கிவிடுவதுதான் என் வேலை. சம்பளம் எவ்வளவு என்று பையன்கள் கேட்பார்கள். வேலை நிலைக்குமா என்று அவர்களுடைய அம்மாக்கள் கேட்பார்கள். பெரிய கேள்வி அம்மாக்கள் கேட்பதுதான். அதற்கு வாசலில் நின்றபடி பதில் சொல்லிவிட முடியாது.

முதலில் டெஸ்ட் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எங்கள் தொழிலில் 6ஜி என்பார்கள். ஆறு அங்குலக் குழாய்த் துண்டுகள் இரண்டை முனை சாய்த்துச் சீவி, நடுவில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு, தரையிலிருந்து 45 டிகிரி சாய்வில் இறுக்கிவிடுவார்கள். குழாயைத் திருப்பக்கூடாது, வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். அடியில் தலைகீழாகத் தொடங்கி, பக்கவாட்டில் ஏறி, மேலே முடிக்க வேண்டும். முதல் சுற்று ரூட், அது ஆர்கானில். இடது கையில் ஃபில்லர் கம்பி, வலது கையில் டார்ச். உருகுகிற இரும்பின் முனையில் சாவித்துவாரம் போலச் சின்ன ஓட்டை ஒன்று கடைசிவரை திறந்தே இருக்க வேண்டும். அது மூடிக்கொண்டால் ரூட் உள்ளே இறங்கவில்லை. அகலமாகிவிட்டால் கட்டி கட்டியாய் உள்ளே ஒழுகிவிடும். அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே மூச்சை அளந்து கை நகர வேண்டும். ரூட்டுக்கு மேல் ஃபில்லிங்கும் கேப்பிங்கும் 7018 ராடில். அந்த ராடை ஓவனில் சுட்டு, சூட்டோடு எடுத்துத்தான் அடிக்க வேண்டும். ஈரம் பட்டால் உள்ளே துளை விழும், எக்ஸ்ரே ஃபிலிமில் அது கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

பையன் ஒருத்தன் இதில் தேறிவிட்டான் என்றால் உலகத்தின் எந்த ரிஃபைனரியிலும் அந்தக் கைக்கு வேலை உண்டு. நான் மனமாரச் சொல்கிறேன். ஆனால் கைக்கு வேலை இருப்பதும் அந்த மனிதனுக்கு வேலை நிலைப்பதும் ஒன்றாகிவிடாது. இடையில் ஒரு காகிதம் இருக்கிறது.

வளைகுடாவில் பெரும்பாலான வேலைகள் அமெரிக்க விதிமுறைகளின்படி நடக்கும். வெல்டரைத் தேர்வு செய்யும் விதி ஏ.எஸ்.எம்.இ. செக்ஷன் 9. அதன்படி வெல்டரைச் சோதித்துத் தகுதி கொடுக்கும் பொறுப்பு அவனை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனியுடையது. அந்தத் தகுதிக்கு உயிர் ஆறு மாதம். ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். வேலை செய்துகொண்டே இருந்தால் நீண்டுகொண்டே போகும். அதற்குத்தான் கம்பெனி ஒரு தொடர்ச்சிப் பதிவேடு வைத்திருக்கும்: எந்த வெல்டர், எந்த முறை, கடைசியாக எந்த நாள் என்று. டெஸ்ட் அறிக்கை, பதிவேடு, சட்டைப் பையில் குத்திக்கொள்கிற கார்டு மூன்றும் கம்பெனியின் சொத்து. புராஜெக்ட் முடிந்து கிளம்பும்போது கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். டிரைவிங் லைசென்ஸ் லாரி ஓட்டுகிறவரிடம் இருக்கிறது, லாரி முதலாளியிடம் இல்லை. வெல்டர் விஷயத்தில் இது தலைகீழ்.

இதனால் என்ன ஆகிறது என்று சவூதியின் ஜுபைலில் கண்ணால் பார்த்தேன். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மாதக்கணக்கில் கேம்ப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். பாதிச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, ஏ.சி. அறையில் எட்டுக் கட்டில். வெளியே பார்த்தால் சுகம்போலத் தெரியும். வெல்டருக்கு அதைவிடக் கேடு கிடையாது. தவில்காரர் கையைப்போல இந்தக் கையும் சும்மா இருந்தால் மரத்துப்போகும். சண்முகாபுரத்து நண்பர் ஒருவர், எங்களிலேயே ரூட் அடிப்பதில் கெட்டிக்காரர், திரும்ப டெஸ்ட்டுக்கு நின்றபோது சாவித்துவாரம் இரண்டு இடத்தில் மூடிக்கொண்டது. பழைய காகிதம் காலாவதி, புதிய டெஸ்ட் ஃபெயில். அந்த ஒப்பந்தத்தின் மிச்சக் காலம் முழுவதும் அவர் கிரைண்டர் பிடித்தார். அத்தனை வருட அனுபவம் எங்கே போயிற்று? எந்தத் தாளிலும் அது அவர் பெயரில் இல்லை.

வேலை நடக்கும்போதும் பிடி தளராது. ஒவ்வொரு ஜாயின்ட்டுக்குப் பக்கத்திலும் வெல்டரின் நம்பரைக் குறிக்க வேண்டும். குழாய்ப் பணிக்கான பி31.3 விதியின்படி, சாம்பிளாக எடுத்த ஒரு ஜாயின்ட் எக்ஸ்ரேயில் விழுந்தால் அதே வெல்டர் அடித்த இன்னும் இரண்டு ஜாயின்ட்டை எடுத்துப் பார்ப்பார்கள். அதிலும் பழுது வந்தால் தேடல் மேலும் விரியும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குழாய்க்குள் ஓடுவது எரிவாயு, கடுமை வேண்டியதுதான். என் ஆதங்கம் வேறு. பழுதான ஜாயின்ட் யாருடையது என்று கண்டுபிடிக்க என் நம்பர் பல வருடங்களுக்குக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. பழுதில்லாத ஆயிரக்கணக்கான ஜாயின்ட்டுகள் என்னுடையவை என்று சொல்ல என்னிடம் ஒரு தாள் இல்லை.

ஆனால் அதே பி31.3 ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. முந்தைய கம்பெனி எடுத்த டெஸ்ட்டைப் புதிய கம்பெனி ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு உரிமையாளர் தரப்பு இன்ஸ்பெக்டர் சம்மதிக்க வேண்டும். பழைய டெஸ்ட் அறிக்கையின் நகலும் கையில் இருக்க வேண்டும். கம்பெனியின் பெயர், வெல்டிங் முறை எண், டெஸ்ட் தேதி, கடைசியாக அந்த முறையில் வேலை செய்த தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஜுபைலை விட்டுக் கிளம்புகிறபோது நான் டாக்குமென்ட் கன்ட்ரோலரிடம் போய் நின்று, என் அறிக்கைகளுக்கும் பதிவேட்டில் என் பெயர் வரும் பக்கங்களுக்கும் முத்திரையோடு நகல் கேட்டேன். "இதை வெச்சு என்னண்ணே பண்ணப் போறீங்க?" என்று அந்தத் திருநெல்வேலிப் பையன் சிரித்தான். ஆனாலும் எடுத்துக் கொடுத்தான். கத்தாரின் ராஸ் லஃபானில் அந்தக் கோப்பைக் கண்ட இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தாளையும் விரலால் தடவிப் பார்த்தார். உடன் வந்தவர்கள் டெஸ்ட் பூத்துக்கு வெளியே வெயிலில் முறைக்காகக் காத்திருந்தபோது, நான் அதே வாரம் லைனில் இறங்கிவிட்டேன். காத்திருக்கும் நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் இது சின்ன விஷயமில்லை.

என் கொட்டகைக்கு வரும் பையன்களிடம் ஆர்க் அடிக்கக் கற்றுக்கொடுக்கும் முன்பே ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி வரச் சொல்வது இதனால்தான்.

அடுத்த காகிதம் விசா. விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறது என்பதைப் பையன்கள் பார்ப்பதே இல்லை, அரபியில் இருப்பதால். கம்பெனியிடம் எந்தத் தொழிலுக்கு விசா மிச்சம் இருக்கிறதோ அதில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வெல்டர் வேலை செய்கிறவனின் இகாமாவில், அதாவது குடியிருப்பு அனுமதி அட்டையில், 'ஆமில்', அதாவது வெறும் கூலியாள் என்று இருக்கும். மாதச் சம்பளம் சரியாக வருகிறவரை யாரும் கவலைப்பட மாட்டார்கள். பிற்காலத்தில் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பிக்கும்போது அது வந்து வழியை மறிக்கும். அங்கெல்லாம் அனுபவக் கடிதத்தில் என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்னென்ன பொறுப்பு என்று எழுதியிருக்க வேண்டும். இகாமா ஒன்றும் கடிதம் ஒன்றும் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இந்த இடத்தில் நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட், ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்த அனுமதிக்காக வரிசையாக வரும். பத்தாவது தேறிவிட்டால் பாஸ்போர்ட்டில் அந்தத் தடை இல்லை. வெல்டர் டிரேடில் சேர எட்டாவதே போதும் என்றாலும், இப்போது என்னிடம் வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவர்கள். படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்பது சட்டத்தின் கணக்கு. நடப்பில் என்னவென்றால், கைத்தொழில் கற்றவன்தான் எந்த வாசலிலும் யாரும் கேள்வி கேட்காமல் கிளம்பிப்போகிறான். அவனுடைய ஒப்பந்தத்தை அரசு ஆள் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதைப்போலப் பல மடங்கு கொடுத்துவிட்டு, நகையை மீட்பதிலேயே முதல் ஒப்பந்தத்தைக் கழித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஏஜென்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. பையன் செய்யாவிட்டால் நானே உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன்.

புதுச்சேரிக்காரனுக்கு இதில் தனியாக ஒரு ஏக்கம் உண்டு. வெளிநாடு என்றாலே நிலையான வாழ்வு என்று நாங்கள் பார்த்து வளர்ந்த ஊர் இது. பிரெஞ்சு ராணுவத்தில் 15 வருட சர்வீஸ் முடித்துத் திரும்பிய சொல்தாக்களை நாங்கள் சிறுவர்களாகப் பார்த்திருக்கிறோம். மாதம் பிறந்தால் பென்ஷன் வரும், அவர் கண்ணை மூடினால் மனைவிக்கு வரும். அதற்கு முந்தைய தலைமுறையில் சைகோனுக்குப் போய்ச் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பங்களும் உண்டு. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் முழுதாக நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு மில்தான் சர்க்கார் வேலை மாதிரி. 1936 ஜூலை 30 அன்று இதே ஊரில் சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்து வாங்கியது எட்டு மணி நேர வேலை. என் தந்தை ஏ.எஃப்.டி. மில்லில் லூமில் நின்றவர். 1898-இல் தொடங்கிய அந்த மில் 2020-இல் மூடப்பட்டது. ஸ்வதேசி மில்லும் பாரதி மில்லும் அப்படியே போயின. பி.எஃப்., கிராஜுவிட்டி, யூனியன் என்று அப்பா சாதாரணமாகச் சொன்ன வார்த்தைகள் என் வாயில் வந்ததே இல்லை. ஜுபைலில் எனக்குப் பத்து மணி நேர டியூட்டி, இரண்டு மணி ஓ.டி. நிரந்தரம்.

ஆனாலும் வளைகுடாவில் ஒன்றுமே கிடையாது என்று நினைப்பதும் தவறு. சவூதிச் சட்டப்படி வேலை முடியும்போது ஒரு தொகை தர வேண்டும். முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 2,400 ரியால் என்று வைத்துக்கொள்ளுங்கள், எட்டு வருட சர்வீஸ். முதல் ஐந்து வருடங்களுக்கு 6,000, அடுத்த மூன்றுக்கு 7,200, ஆக 13,200 ரியால். இது கம்பெனி வேலையை முடித்து அனுப்பினாலோ ஒப்பந்தம் முடிந்தாலோ. தானாக ராஜினாமா செய்தால் ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்குதான், 8,800. இரண்டிலிருந்து ஐந்துக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. பத்து வருடம் தாண்டினால் முழுத் தொகை. அதனால் கடைசி நாளில் கம்பெனி நீட்டுகிற தாளில் ராஜினாமா என்று இருக்கிறதா, ஒப்பந்த முடிவு என்று இருக்கிறதா என்பதில் இந்தக் கணக்கில் மட்டும் 4,400 ரியால் தொங்குகிறது. ஊருக்குப் போகிற அவசரத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள் எத்தனை பேர்! எங்கள் கேம்ப்பில் அரபி படிக்கத் தெரிந்த ஹைதராபாத் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். இரவு சாப்பாட்டுக்குப் பின் அவர் கட்டிலைச் சுற்றி ஆள் நிற்கும். அவர் ஒரு காசு வாங்கியதில்லை.

நிலைமை எப்படிக் கவிழும் என்பதையும் பார்த்தோம். 2014-இன் பாதியில் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய், 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே போயிற்று. அறிவித்த புராஜெக்ட்டுகள் நின்றன. அந்த வருடம் ஜூலை, ஆகஸ்ட்டில் ஜெத்தாவில் சவூதி ஓகர் கம்பெனியின் முகாம்களில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல், சாப்பாட்டுக்கே வழியில்லாமல் நின்றார்கள். இந்தியத் துணைத் தூதரகம் சோறு போட்டது, அமைச்சர் நேரில் போனார், கம்பெனி அடுத்த வருடம் மூடியே போயிற்று. 2017 ஜூலையில் சவூதியில் உடன் தங்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வரி வந்தது. வருடத்துக்கு நூறு நூறாக ஏறி 2020-இல் 400 ஆயிற்று. மனைவியோடு இரண்டு பிள்ளைகளை வைத்திருந்த எங்கள் ஃபோர்மேன் அந்தக் கணக்கைத் தாங்க முடியாமல் மூவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கேம்ப்புக்கு வந்து படுத்தார். நன்மையும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2020-இல் கத்தாரில் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் வந்தது. சவூதியிலும் 2021 மார்ச்சிலிருந்து, சில நிபந்தனைகளோடு, ஒரு வருடம் முடித்தவர் மாறலாம். எங்கள் காலத்தில் ரிலீஸ் தாளுக்காகக் கஃபீல் என்கிற ஸ்பான்சரின் வாசலில் காத்துக்கிடந்ததை நினைத்தால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எனக்குத்தான் தெரியும்.

உடம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாற்பத்தைந்து தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும், சாவித்துவாரம் தெரியாது, ஷீல்டுக்குள் லென்ஸ் வைத்துச் சமாளிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகை இழுக்கும் ஃபேனும் மாஸ்க்கும் கேட்டால் 'பயந்தாங்கொள்ளி' என்கிற ஃபோர்மேன்கள் இருந்தார்கள். என் கொட்டகையில் மாஸ்க் இல்லாமல் ஹோல்டரைத் தொடவிட மாட்டேன். கை நன்றாக இருக்கும்போதே வெல்டிங் இன்ஸ்பெக்டர் படிப்புக்குப் போய்விடு என்று ஆங்கிலம் ஓரளவு வருகிற பையன்களை நச்சரிக்கிறேன். ரூட் அடித்தவன் இன்ஸ்பெக்டரானால் ஃபிலிமைப் பார்க்கிற பார்வையே வேறு.

இப்போது பையன்கள் போலந்து, ருமேனியா, குரோஷியா என்கிறார்கள். அங்கே ஐ.எஸ்.ஓ. 9606 விதி. அதில் எனக்குப் பிடித்த விஷயம், சான்றிதழ் வெல்டரின் பெயரில், படத்தோடு, சோதித்த அமைப்பின் முத்திரையோடு வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேலை கொடுப்பவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மறு டெஸ்ட் முறையைத் தேர்ந்தால் மூன்று வருடத்துக்கு ஒரு தரம் குழாய்க்கு முன் நிற்க வேண்டும். நம் நாட்டிலும் பாய்லர் சட்டத்தின் கீழ் உயர் அழுத்த வெல்டருக்கு அரசு ஆய்வாளர் சோதித்துக் கொடுக்கிற சான்றிதழ் வெல்டரின் பெயரில்தான் இருக்கிறது, புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். இருக்கிற இந்த வழிகளை ஐ.டி.ஐ. முடிக்கிற பையனுக்கு ஒருவரும் சொல்வதில்லை. மேட்டுப்பாளையத்தில் வருடா வருடம் வெல்டர் டிரேடு முடித்து வெளியே வருகிறவர்களுக்கு, தேசிய டிரேடு சான்றிதழோடு 9606 டெஸ்ட் ஒன்றையும் எடுக்க வைத்து அனுப்பினால் என்ன? எக்ஸ்ரே செலவு கொஞ்சம் இருக்கிறது, உண்மைதான். ஏஜென்டிடம் கொட்டுகிற பணத்தில் அது ஒரு மூலைக்கும் காணாது. இதைக் கேட்டுத் தொழிலாளர் துறைக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், திரும்பவும் போய்க் கேட்பேன்.

அதுவரை நான் செய்ய முடிந்ததைச் செய்கிறேன். கதிர்காமத்துப் பையன் ஒருத்தன் போலந்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது என்று தாளைக் கொண்டுவந்தான். மணிக்கூலி இருக்கிறது, குடியிருப்புக் கழிவு இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை உறுதி என்ற வரி மட்டும் இல்லை. "அதைக் கேட்டு எழுதி வாங்குடா, வேலை இல்லாத வாரம் ரூம் வாடகை யார் குடுப்பான்?" என்றேன். "கேட்டா வேற ஆளை எடுத்துக்குவாங்க மாஸ்டர்" என்றான். "எடுத்துக்கட்டும். உன் ரூட்டுக்கு இன்னொருத்தன் வருவான்" என்று சொல்லி, அவனோடு உட்கார்ந்து அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வைத்தேன். பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் அவனையும் இன்னொரு பையனையும் திருச்சிக்கு அழைத்துப் போகப் போகிறேன். பி.எச்.இ.எல்.லில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே குழாய் வெல்டிங் பயிற்சிக்கு அடுத்த பேட்ச் எப்போது என்று நேரில் கேட்டு, இருவர் பெயரையும் எழுதிவைத்துவிட்டு வர வேண்டும்.